பஃபருக்குள் சர்ஃபாக்டன்ட் கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

பிஹெச் (கரைசல் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்லும் எண்) மாறவில்லை, கரைசல் கண்ணாடிபோல் இருக்கிறது, அதனால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று நம்பி 2001-ல் ஆறு மாதத்தைத் தொலைத்தேன். அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது கொழிஞ்சாம்பாறை. வேலை பார்ப்பது கஞ்சிக்கோட்டில், கண் சொட்டு மருந்தும் வாய்வழித் திரவ மருந்தும் செய்கிற ஒரு தொழிற்சாலையின் ஃபார்முலேஷன் லேப்பில். எங்கள் லேப்பில் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். நோட்டு முழுக்க ஆங்கிலம். பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னால்தான் முகம் தெளிகிறது. பிஹெச்சை மாறாமல் பிடித்து நிறுத்துகிற, பாடப்புத்தகம் தாங்கல் கரைசல் என்பதை நாங்கள் பஃபர் என்போம், தண்ணீரில் கரையாததைக் கரைக்க உதவுகிற, சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட்டை சர்ஃபாக்டன்ட் என்றே சொல்வோம். அப்படியே எழுதுகிறேன்.

2001-ல் வேறொரு கம்பெனியில் இருந்தேன். காற்றுப் பட்டால் ஆக்ஸிஜனேற்றம் அடைகிற ஒரு மருந்து, அதைக் கரைக்க 0.5 சதவீதம் பாலிசார்பேட் 80 என்ற சர்ஃபாக்டன்ட், பஃபராக 50 மில்லிமோலார் செறிவில் சோடியம் பாஸ்பேட், பிஹெச் 6.8. 40 டிகிரி சேம்பரில், அதாவது மருந்து கெடாமல் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பெட்டியில், மூன்று மாதம் வைத்ததும் மருந்தின் அளவு 91 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பிஹெச் 6.8-லேயே நின்றது. நாங்கள் மருந்தின் மேல்தான் சந்தேகப்பட்டோம். பிஹெச்சை 6.2-க்கு இறக்கிப் பார்த்தோம், 7.2-க்கு ஏற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் காத்திருப்பு. கடைசியில் ஸ்டோர்ஸில் இருந்த ஒரு பெரியவர் பாலிசார்பேட் கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது காறிப்போச்சும்மா" என்றார். தகரக் கூரைக்குக் கீழே எட்டு மாதமாகத் திறந்த நிலையில் இருந்த கேன் அது. பெராக்சைடு மதிப்பு, அதாவது காறும்போது உருவாகும் பெராக்சைடின் அளவு, எடுத்துப் பார்த்தோம். மருந்துப் பொருள்களின் தர விதிநூலான ஐரோப்பிய பார்மகோபியா அனுமதிப்பது அதிகபட்சம் 10. அந்தக் கேன் அதைப் போல மூன்று மடங்கு காட்டியது. புதுக் கேனில் செய்த தொகுதி (பேட்ச்), முதலில் இருந்த அதே 6.8-ல், ஒரு குறையும் இல்லாமல் நின்றது.

அந்தப் பெராக்சைடுதான் மருந்தைத் தின்றது. அது எங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் பஃபர். சர்ஃபாக்டன்ட் உடையும்போது அமிலம் வருகிறது, பஃபர் அதை விழுங்கிவிடுகிறது. பஃபரின் வேலையே அதுதான். ஆனால் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதும் அதே பஃபர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

எங்கே உடையும் என்று முதலில் பாருங்கள்

சர்ஃபாக்டன்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் பலவீனமான மூட்டு வேறு. பாலிசார்பேட்டில் இரண்டு இடம்: கொழுப்பு அமிலத்தைப் பிடித்திருக்கும் எஸ்டர் கட்டு ஒன்று, நீளமான பாலிஆக்ஸிஎத்திலீன் சங்கிலி இன்னொன்று. எஸ்டர் கட்டைத் தண்ணீர் உடைக்கும், அது நீராற்பகுப்பு. சங்கிலியையும் கொழுப்பு அமிலத்தின் இரட்டைப் பிணைப்பையும் ஆக்ஸிஜன் உடைக்கும். போலாக்சமர் 188-ல் எஸ்டரே கிடையாது, அதனால் நீராற்பகுப்பு பயம் இல்லை. சங்கிலி மட்டும் ஆக்ஸிஜனுக்கு மாட்டும். சோடியம் லாரில் சல்பேட்டில் உடைவது சல்பேட் கட்டு, அதுவும் அமிலத்தில். பென்சல்கோனியம் குளோரைடு இவ்வளவு சுலபமாக உடையாது. அதன் தொல்லை வேறு வகை, பின்னால் சொல்கிறேன்.

ஆக்ஸிஜனேற்றம் என்றால் புரியாதவர்கள் நம் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. தேங்காய் எண்ணெய் காறிப்போவதுதான் அது. நாங்கள் "காறிப்போச்சு" என்போம், பக்கத்து வீட்டில் "காறிப்போயி" என்பார்கள். பித்தளைச் செம்பில் எண்ணெய் வைக்க அம்மா விடமாட்டார், சீக்கிரம் காறும் என்பார். தாமிரமும் இரும்பும் தூண்டிவிடுகிற அதே வேலைதான் பாலிசார்பேட்டிலும் நடக்கிறது. வெளிச்சமும் காற்றும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். எண்ணெய் காறுவதைக் கவனித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். பல வாரம் ஒன்றுமே தெரியாது, பிறகு திடீரென்று வாடை ஏறிவிடும். பாலிசார்பேட்டும் அப்படித்தான், ஆரம்பத்தில் ஒரு உறக்க காலம் உண்டு. முதல் இரண்டு மாத எண்களை வைத்துக் கோடு இழுத்து இரண்டு வருடத்துக்கு ஜோசியம் சொல்பவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தக் கோடு உறக்க காலத்தின் கோடு.

பாலிசார்பேட் 80 என்ற பெயருக்குள் ஒரே பொருள் இருப்பதாக நினைக்க வேண்டாம். ஒலியிக் அமிலம் குறைந்தது 58 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது ஐரோப்பிய பார்மகோபியா. லினோலியிக் அமிலம் 18 சதவீதம் வரை இருக்கலாம். லினோலியிக்கில் இரட்டைப் பிணைப்பு இரண்டு, ஒலியிக்கைவிடப் பல மடங்கு வேகமாக ஆக்ஸிஜனேற்றம் அடையும். ஆகவே இரண்டு சப்ளையர்களின் சரக்கு, இரண்டுமே தேர்ச்சி பெற்றதாக இருந்தாலும், ஒரே மாதிரி வயதாகாது. சப்ளையரை மாற்றினால் ஸ்டெபிலிட்டியை, அதாவது நாளடைவில் கெடுகிறதா என்று பார்க்கும் சோதனையை, மறுபடி வையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பிஹெச்சும் பஃபரும்

பாலிசார்பேட்டின் எஸ்டர் கட்டை ஹைட்ரஜன் அயனியும் உடைக்கும், ஹைட்ராக்சைடு அயனியும் உடைக்கும். பிஹெச் 3-க்குக் கீழே முதலாவதன் ஆட்சி, 7.6-க்கு மேலே இரண்டாவதன் ஆட்சி என்று 1973-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். நடுவில்தான் நிம்மதி. மருந்து அனுமதித்தால் 5-க்கும் 6.5-க்கும் இடையில் நிற்கவே நான் பார்ப்பேன். கண் சொட்டு மருந்து என்றால் கண்ணுக்கு எரிச்சல் வராத பிஹெச்சும் வேண்டும், அதனால் பல நேரம் 7 பக்கம் போக வேண்டியிருக்கும். போகலாம், ஆனால் 8-ஐத் தொட விடாதீர்கள்.

பிஹெச் முடிவானபின் அந்த பிஹெச்சை எந்த பஃபரால் பிடிப்பது என்பது தனிக் கேள்வி. புதிதாக வருகிறவர்கள் பிகேஏ (எந்த பிஹெச் பக்கத்தில் ஒரு பஃபர் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டும் எண்) அட்டவணையைப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். அசிடேட் 4.76, சிட்ரேட்டின் மூன்றாவது 6.4, பாஸ்பேட்டின் இரண்டாவது 7.2, டிரிஸ் 8.1. அது சரிதான், ஆனால் பாதி வேலைதான். டிரிஸ்ஸின் பிகேஏ ஒரு டிகிரிக்கு 0.028 வீதம் இறங்கும். 25 டிகிரியில் பிஹெச் 7.8 வைத்து 40 டிகிரி சேம்பருக்குள் தள்ளினால் உள்ளே அது 7.4 அளவில்தான் இருக்கும். ஹிஸ்டிடினும் 0.3 அளவு இறங்கும். பாஸ்பேட் ஏறத்தாழ அசையாது. சேம்பரில் நீங்கள் சோதிப்பது நீங்கள் நினைத்த பிஹெச்சை அல்ல என்பது தெரியாமல் முடிவு எழுதக்கூடாது.

பாஸ்பேட்டுக்கு வேறு குணம். உறைய வைத்தால் டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகி வெளியேறும், மிச்சத் திரவத்தின் பிஹெச் மூன்று அலகு வரைகூட விழலாம். லையோ செய்யும் (உறையவைத்து உலர்த்தும்) மருந்துக்கும் உறைய வைத்து அனுப்பும் மருந்துக்கும் இதனால்தான் பாஸ்பேட்டைத் தவிர்க்கிறோம். இன்னொன்று, பாஸ்பேட், சிட்ரேட், சல்பேட் போன்ற உப்புகள் பாலிஆக்ஸிஎத்திலீன் சங்கிலியிலிருந்து தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும், அதனால் கிளவுட் பாயின்ட் இறங்கும். உப்பு கூடக்கூட, ஆட்டோகிளேவில் (நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் கலனில்) கரைசல் கலங்கத் தொடங்கும் வெப்பநிலை கீழே வரும். கண் சொட்டில் மேலும் ஒரு கவனம். கருவிழி ஏற்கெனவே சேதமான நோயாளிகளுக்கு பாஸ்பேட் உள்ள சொட்டு மருந்தால் கால்சியம் பாஸ்பேட் படிவு ஏற்பட்ட சம்பவங்கள் உண்டு, மிக அரிதாக. கண்ணுக்கு போரேட்டை முதலில் முயன்று பாருங்கள் என்று நான் சொல்வது இதனாலும்தான். சிட்ரேட் இரும்பைக் கொஞ்சம் கட்டிப்போடும், அது அதன் நல்ல குணம்.

பஃபர் தானே எஸ்டரை உடைக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பிஹெச்சை மாற்றாமல் அதே பஃபரை 10, 25, 50, 100 மில்லிமோலாரில் செய்யுங்கள். சோடியம் குளோரைடு சேர்த்து நான்கின் அயனி வலிமையையும் (கரைந்திருக்கும் உப்பின் மொத்த பலம்) ஒன்றாக்குங்கள். இது முக்கியம், இல்லாவிட்டால் உப்பின் விளைவைப் பஃபரின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள். ஒரே சேம்பரில் வைத்து, சர்ஃபாக்டன்ட் குறையும் வேகத்தை அளந்து, பஃபர் செறிவுக்கு எதிராக வரையுங்கள். கோடு படுத்திருந்தால் பஃபர் சும்மா இருக்கிறது. ஏறினால் பஃபரும் கை வைக்கிறது. அந்த ஏற்றக் கோட்டைச் செறிவு பூஜ்யத்துக்கு நீட்டினால் பஃபர் இல்லாத வேகம் கிடைக்கும். நான்கு பாட்டில், ஒரு வரைபடத் தாள். இதைச் செய்யாமல் 50 மில்லிமோலார் என்று பழைய ஃபைலிலிருந்து காப்பி அடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

அப்புறம் கணக்கு. 1 சதவீத பாலிசார்பேட் 80 என்றால் லிட்டருக்கு 10 கிராம். மூலக்கூறு எடை சுமார் 1310, ஆக ஏறத்தாழ 7.6 மில்லிமோல் எஸ்டர். அதில் பத்தில் ஒரு பங்கு உடைந்தால் வரக்கூடிய அமிலம் 0.76 மில்லிமோல். பிஹெச் 6.5-ல் 50 மில்லிமோலார் பாஸ்பேட் இருந்தால் இதற்கு மீட்டர் 0.05-க்கு மேல் நகராது, மீட்டரின் நடுக்கமே அந்த அளவு இருக்கும். 5 மில்லிமோலார் என்றால் அதே அமிலம் அரை அலகுக்கு மேல்கூட இழுத்துவிடலாம். இதனால்தான் ஒவ்வொரு ஸ்டெபிலிட்டியிலும் ஒரு சாட்சித் தொகுதி வைக்கச் சொல்கிறேன்: அதே ஃபார்முலா, மருந்து இல்லாமல், பஃபர் மட்டும் பத்தில் ஒரு பங்கு. விற்பனைக்கான பாட்டிலில் ஊசி அசையாதபோது இந்தப் பாட்டிலில் அசையும். 2001-ல் இப்படி ஒரு பாட்டில் இருந்திருந்தால் முதல் மூன்று மாதத்திலேயே கேனைத் தேடிப் போயிருப்போம்.

சோடியம் லாரில் சல்பேட்

இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் வேதியியல் தலைகீழ். நடுநிலையிலும் லேசான காரத்திலும் உறுதியாக இருக்கும். பிஹெச் 4-க்குக் கீழே போனால் உடைந்து டோடெக்கனாலும் பைசல்பேட்டும் தரும். பைசல்பேட் அமிலம், அது பிஹெச்சை இன்னும் இறக்கும், இறங்கிய பிஹெச் இன்னும் வேகமாக உடைக்கும். தன்னைத் தானே விசிறிக்கொள்ளும் தீ. 1 சதவீதக் கரைசலில் ஏறத்தாழ 35 மில்லிமோல் இருக்கிறது. பஃபர் இல்லாமல் பத்தில் ஒன்று உடைந்தாலே பிஹெச் 2.5 அருகே வந்துவிடும். பாலிசார்பேட்டுக்கு பஃபர் வசதி என்றால் இதற்கு உயிர். அமில மீடியத்தில் கலந்தால் அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள்.

இதில் ஒரு கண்கட்டு வேறு. டோடெக்கனால் தண்ணீரில் கரையாது, ஆனால் பரப்புக்கு ஓடிப்போய் உட்கார்ந்து பரப்பு இழுவிசையை இன்னும் குறைக்கும். உடைந்த சரக்கு, உடையாததைவிட நன்றாக வேலை செய்வதுபோல் காட்டும்.

எங்கள் லேப்பில் புதிதாகச் சேர்ந்த பொள்ளாச்சித் தம்பி ஒரு நாள் டிஸல்யூஷன் மீடியம் (மருந்து கரையும் வேகத்தைச் சோதிக்கும் திரவம்) செய்தான். பிஹெச் 6.8 பாஸ்பேட், அதில் 0.5 சதவீத லாரில் சல்பேட். 37 டிகிரித் தொட்டியில் பளிங்குபோல் இருந்தது. எடுத்து வடிகட்டி ஏசி அறையில் ஹெச்பிஎல்சி (கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) தட்டில் வைத்த குப்பிகளில் கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள்.

"அக்கா, தொட்டியில நல்லா இருந்துச்சுங்க. இங்க வந்து ஏனுங்க இப்படி ஆச்சு?"

"பாஸ்பேட் எந்த பாட்டில்ல எடுத்த கண்ணு?"

"பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டுங்க. புக்குல அதுதானுங்களே போட்டிருக்கு?"

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பொதுவான 6.8 பாஸ்பேட் பஃபர் பொட்டாசியம் உப்பில்தான் ஆரம்பிக்கும். ஆனால் பொட்டாசியம் லாரில் சல்பேட் 30 டிகிரிக்கும் மேலே போனால்தான் நன்றாகக் கரையும். 37-ல் கரைந்தது, ஏசியில் வெளியே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டால் வாளியில் திரிதிரியாக ஏடு மிதக்கும், கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்வதால். இதுவும் அந்தக் குடும்பக் கதைதான் என்று அவனுக்குச் சொன்னேன். லாரில் சல்பேட் இருந்தால் பஃபரின் உப்பு, பிஹெச் சரிசெய்யும் காரம் இரண்டும் சோடியமாக இருக்கட்டும். பிஹெச் மீட்டர் எலக்ட்ரோடை ஊறவைத்த பொட்டாசியம் குளோரைடையும் நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள்.

கேனை வாங்குவதும் வைப்பதும்

பெரிய கேன் மலிவு என்று கொள்முதல் பிரிவு சொல்லும். உங்களுக்கு வாரத்துக்கு அரைக் கிலோ போதும் என்றால் 25 கிலோ கேன் ஒரு வருடம் திறந்து திறந்து மூடப்படும். சின்ன பாட்டில்களாக வாங்குங்கள். அடர்நிறக் கண்ணாடி, திறந்ததும் மேல் இடத்தில் நைட்ரஜன், 2 முதல் 8 டிகிரி, இருட்டு. மூடியின் மேல் திறந்த தேதியை மார்க்கரால் எழுதுங்கள், பக்கவாட்டில் எழுதினால் தேய்ந்துவிடும். எங்கள் ஊரில் ஏப்ரலில் வெயில் 40-ஐத் தொடும், தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேல். ஸ்டோர்ஸ் அறைக்கு ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்ததுதான் நான் செய்த நல்ல முதலீடு.

ஒவ்வொரு தொகுதிக்கு முன்னும் பெராக்சைடு மதிப்பு பாருங்கள். அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, வெளிவரும் அயோடினைத் தயோசல்பேட்டால் தைட்ரேட் செய்யும் பழைய முறைதான், அரை மணி நேர வேலை. பார்மகோபியா எல்லை 10 என்றாலும் ஆக்ஸிஜனுக்குப் பயப்படும் மருந்துக்கு நான் எங்கள் லேப்பில் 2 என்று வைத்திருக்கிறேன். அமில மதிப்பையும் கூடவே பாருங்கள். எல்லை 2.0, அது ஏறியிருந்தால் எஸ்டர் ஏற்கெனவே உடைந்திருக்கிறது.

கலக்கும்போது

தண்ணீரைக் கொதிக்கவைத்தோ நைட்ரஜன் ஊதியோ ஆக்ஸிஜனை விரட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் பஃபர், பிறகு இடிடிஏ, அதற்குப் பிறகுதான் சர்ஃபாக்டன்ட். பஃபர் உப்போடு வந்த இரும்பை இடிடிஏ பிடித்துக்கொண்ட பின்னால் பாலிசார்பேட் உள்ளே போக வேண்டும். வரிசையை மாற்றினாலும் கரைசல் பார்வைக்கு ஒன்றுதான், ஆறு மாதம் கழித்து ஒன்றாக இருக்காது. பாலிசார்பேட்டை நேரே தொட்டியில் ஊற்றினால் அடியில் தேன்போல் படியும். தண்ணீரில் 10 சதவீத ஸ்டாக் கரைசல் செய்து ஊற்றுங்கள், அன்றைய ஸ்டாக் அன்றைக்கே தீர வேண்டும். மெதுவாகச் சுழற்றுங்கள். நுரை எழுந்தால் காற்றைக் கரைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

121 டிகிரி ஆட்டோகிளேவில் பாலிசார்பேட் கிளவுட் பாயின்டைத் தாண்டிவிடும், திறக்கும்போது பால்போல் இருந்தால் பதற வேண்டாம். கலக்கிக்கொண்டே ஆறவிட்டால் தெளியும். ஆனால் மேலே சொன்னதுபோல் ஆக்ஸிஜன் விரட்டாத கரைசலை ஆட்டோகிளேவ் செய்தால், அந்தச் சூடே காறுவதற்குப் போட்ட உரம்.

அளவிடுவதில் ஏமாறாமல்

பரப்பு இழுவிசை அளந்து "சர்ஃபாக்டன்ட் இருக்கிறது" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலிசார்பேட் 80 மிசெல் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் கூடிய சிறு உருண்டை) கட்டத் தொடங்கும் செறிவு 0.0013 சதவீதம் அளவுதான். உங்கள் ஃபார்முலாவில் 0.1 சதவீதம் இருந்தால் அதைப் போல எழுபது எண்பது மடங்கு. 95 சதவீதம் அழிந்து 0.005 மிச்சமிருந்தாலும் இழுவிசை மீட்டர் நலம் என்றே சொல்லும். நுரைச் சோதனையும் அப்படித்தான்.

கோபால்ட் தயோசயனேட் முறையில் நீல நிறம் வரும், டைகுளோரோமீத்தேனில் பிரித்து 620 நானோமீட்டர் பக்கம் படிப்போம். சின்ன லேப்புக்கு நல்ல முறை, செலவு குறைவு. ஆனால் அந்த நீலம் பிடித்துக்கொள்வது பாலிஆக்ஸிஎத்திலீன் சங்கிலியை. எஸ்டர் உடைந்து கொழுப்பு அமிலம் தனியே போனாலும் சங்கிலி அங்கேயே இருக்கும், ஆகவே நீராற்பகுப்பை அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அதேபோல் முழுவதையும் காரத்தில் உடைத்து மொத்த ஒலியிக் அமிலத்தை ஹெச்பிஎல்சியில் அளந்தால், ஏற்கெனவே பிரிந்து கிடந்ததும் சேர்ந்து எண்ணப்படும். உடைக்காமல் ஒரு தடவை, உடைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்னும் எஸ்டராக நிற்கும் பங்கு. கூடவே கரைசலின் பெராக்சைடு. ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக் அமிலமும் வந்திருக்கிறதா என்று பாருங்கள், மருந்தின் மூலக்கூறில் அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு பகுதி) இருந்தால் ஃபார்மால்டிஹைடு அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

அத்துடன் மூக்கு. பாட்டிலைத் திறந்த உடனே மோந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள். கருவிக்கு முன்னால் அது சொல்லிவிடும் என்று அந்த ஸ்டோர்ஸ் பெரியவரிடம் கற்றேன்.

60 டிகிரியில் வைத்து ஒரு மாதத்தில் விடை தேடுவது எனக்குப் பிடிக்காது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகக் கரையும், அதனால் ஆக்ஸிஜனேற்றம் கூடினதா குறைந்ததா என்று அர்த்தம் செய்வதே சிரமம். 40, 30, குளிர்பெட்டி மூன்றும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் காற்று நிரப்பியது, நைட்ரஜன் நிரப்பியது, இடிடிஏ உள்ளது, இல்லாதது. பாட்டில் எண்ணிக்கை கூடும், கூடட்டும்.

பென்சல்கோனியம் பற்றிச் சுருக்கமாக. கிருமி வளராமல் காக்க இதைச் சேர்ப்போம், கண் சொட்டில் 0.01 சதவீதம் வழக்கம். இது நேர்மின் அயனி, லாரில் சல்பேட் எதிர்மின், இரண்டும் சேர்ந்தால் இரண்டும் வீண். சிட்ரேட்டோடும் ஒத்துப்போகாது. பாலிசார்பேட் அதிகமானால் மிசெல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹெச்பிஎல்சி முழு அளவும் காட்டும், கிருமி மட்டும் சாகாது. நைலான் ஃபில்டரிலும் ஒட்டிக்கொள்ளும், முதலில் வடிவதை ஒதுக்குங்கள். கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்கும் பாதுகாப்புத் திறன் சோதனையை புதுத் தொகுதியில் மட்டும் செய்யாமல் ஆறு மாதம் 40 டிகிரியில் இருந்த தொகுதியிலும் செய்யுங்கள்.

புரத ஊசி மருந்துகளில் பாலிசார்பேட் 0.01, 0.02 சதவீதம்தான். அங்கே பிஹெச்சையும் இரும்பையும் தவிர இன்னொரு எதிரி, புரதத்தை உருவாக்கும் செல்லிலிருந்து மருந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் லைப்பேஸ் நொதிகள். எஸ்டரை அவை அறுக்கும். பாலிசார்பேட் 20-ஆ 80-ஆ என்று கேட்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெயைத்தான் காட்டுவேன். பாலிசார்பேட் 20-ல் அதிகம் இருப்பது லாரிக் அமிலம், தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி அதுதான். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும், நல்லெண்ணெய் ஓடும். தனியாகப் பிரிந்த லாரிக் அமிலம் 44 டிகிரியில்தான் உருகும், ஒலியிக் 13-லேயே உருகிவிடும். ஆகவே பாலிசார்பேட் 20 உடைந்தால் குளிர்பெட்டியில் துகள் தெரியும் வாய்ப்பு கூடுதல். குப்பியின் கண்ணாடியிலிருந்து கசியும் அலுமினியமும் கால்சியமும் அந்தத் துகளுக்கு விதை. ஆனால் 80 ஆக்ஸிஜனுக்குச் சீக்கிரம் மாட்டும். எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பதை மருந்துதான் சொல்ல வேண்டும்.

40 டிகிரி சேம்பரிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே படித்துத் தேர்ச்சி போட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் கொழுப்பு அமிலம் கரைந்தே இருக்கும். மூன்று நாள் 5 டிகிரியில் வையுங்கள். பிறகு எடுத்து, வெளியே படியும் பனியைத் துடைத்து, குலுக்காமல் மெதுவாக ஒரு சுழற்று. கறுப்புப் பின்னணியில் ஐந்து விநாடி, வெள்ளைப் பின்னணியில் ஐந்து விநாடி. மினுக்கென்று பட்டிழைபோல் ஏதாவது சுழன்றால் அந்தப் பாட்டிலைத் தனியே எடுத்துவையுங்கள். அதே தொகுதியின் சாட்சிப் பாட்டிலையும் எடுத்து பிஹெச் பாருங்கள்.